இறக்கத்துக்கு முன் இரண்டாம் கியர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல டிரைவர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் அவருடைய கிளட்ச் பிளேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஓட்டிய வண்டிகளைக் கழற்றி மாட்டியவன் நான். ஒரு டிரைவர் பெண்டாட்டியிடம் மறைக்கலாம், மேனேஜரிடம் மறைக்கலாம், மெக்கானிக்கிடம் மறைக்க முடியாது. வண்டி காட்டிக் கொடுத்துவிடும்.

அத்தானுக்கு எங்கள் இடத்தில் பெயர் ‘ரெண்டு’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டதும் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள், ஆளுக்கு ரெண்டு சம்சாரமோ என்று. ஒன்றையே சமாளிக்கத் தெரியாமல் முழிக்கிற மனுஷன் என்று நான் சொல்லிவைப்பேன். அது அக்கா காதில் விழுந்தால் எனக்குத்தான் அர்ச்சனை.

எங்கள் மின் நிலையம் மலையடியில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் விடும் நீர்த்தேக்கம் மலையுச்சியில். நடுவில் பதினொரு கிலோமீட்டர் பாதை, பதினேழு கொண்டை ஊசி வளைவு. மேலே மதகு பார்க்கிறவர்கள், பம்ப் ஓட்டுகிறவர்கள், எலக்ட்ரீஷியன், ஒற்றை அறை மருந்தகத்துக்கு ஒரு நர்ஸ். இவர்களைக் காலை ஏழு மணிக்கு ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப இறக்கிக்கொண்டு வருவது அத்தான் வேலை. வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி. மழைக்காலத்துச் சேற்றில் வேறு எந்த வண்டியும் அங்கே ஏறாது.

இறக்கம் தொடங்கும் இடத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று உண்டு. அந்தக் கல்லுக்கு நேராக அத்தான் வண்டியை முழுசாக நிறுத்துவார். கிளட்சை மிதித்து இரண்டாம் கியரைப் போட்டுவிட்டு, “ரெண்டு” என்று சத்தமாகச் சொல்வார். பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் திருப்பி “ரெண்டு” என்று சொல்ல வேண்டும். ஒரு வாய் குறைந்தாலும் வண்டி நகராது. ஒரு தடவை தலைமையகத்திலிருந்து வந்த ஒரு பெரிய இன்ஜினீயர், இதென்ன சின்னப் பிள்ளைங்க விளையாட்டு என்று வாயை இறுக்க மூடிக்கொண்டார். அத்தான் இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். பத்து நிமிஷம் கழித்துப் பின் சீட்டிலிருந்து “ரெண்டு” என்று சத்தம் வந்ததாம்.

விளையாட்டு இல்லை. அத்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிமெண்ட் லாரி நாலாம் கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டே அந்த இறக்கத்தில் வந்தது. பன்னிரண்டாம் வளைவில் அது பாதையை விட்டுப் போனது. உள்ளே இருந்தவர்களை வெளியே எடுத்த நாலு பேரில் அத்தானும் ஒருவர். அதற்கப்புறம்தான் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். மறதி எல்லாருக்கும் வரும், வண்டியில் இருக்கிற எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் வராது என்பது அவர் கணக்கு.

“பிரேக்க நம்பி மலை இறங்காத மாப்ள. மிதிச்சிட்டே வந்தா அது சுடும். சுட்டா உள்ள இருக்கிற எண்ணெய் கொதிச்சிடும். அப்புறம் மிதிச்சா வெறும் காத்துதான். சின்ன கியர்ல போட்டு, வண்டிய வண்டியே பிடிச்சிட்டு இறங்கணும்” என்பார். இதை அவர் என்னிடம் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். மெக்கானிக் நானா அவரா?

சரி, கிளட்ச் பிளேட்டுக்கு வருகிறேன். அத்தான் ஓட்டுகிற வண்டிக்கு ஒரு பிளேட் மூன்று வருஷம் ஓடும். மற்றவர்கள் ஒன்றரை வருஷத்தில் தேய்த்துவிட்டு வந்து நிற்பார்கள். அந்த வருஷம் அத்தானுடைய வண்டியில் எட்டு மாதத்தில் பிளேட் போனது. மட்டமான சரக்கு என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு போட்டேன். அது ஐந்து மாதத்தில் போனது. கழற்றிப் பார்த்தால் கருகி, கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தது. கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற கற்றுக்குட்டிகளின் பிளேட்தான் அப்படிக் கருகும். கையில் வைத்துக்கொண்டு அப்படியே பட்டறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று அவர் பட்டறைக்கு நடந்து வந்தபோது இடது காலில் செருப்பு இல்லை.

“செருப்பு எங்க அத்தான்?”

அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஆபீஸ் வாசலில் இருந்து பட்டறை வரைக்கும் ஜல்லி கொட்டிய பாதை. குதிகாலில் ரத்தம் வந்திருந்தது.

“எத்தன நாளா இது?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாளாத்தான். மரத்துப் போகும், சரியாயிடும்.”

“மிதிக்கிறீங்களா இல்லையான்னாவது தெரியுதா?”

“பாத்தா தெரியும்” என்றார்.

பதினேழு வளைவிலும் இந்த மனுஷன் கிளட்ச் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். அவர் பார்க்கிற நேரத்தில் பாதையை யார் பார்ப்பது? வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ரகசியமாகப் பக்கத்து ஊர் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். இருபத்தெட்டு வருஷம் அந்தப் பாதையில் குலுங்கிக் குலுங்கி முதுகெலும்பில் நரம்பு நசுங்கிவிட்டதாம். இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது போனதுதானாம். வலது கால் நன்றாக இருக்கிறது.

“உங்க அக்காகிட்ட மூச்சு விடாத. ஆபீசுக்குத் தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவான். இன்னும் நாலு வருஷம்தான் மாப்ள.”

வேலையோடு கொடுத்த வீடு அது. இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு, பின்னால் துணி காயப்போடுகிற இடம். அக்கா தையல் மெஷினை ஜன்னலோரமாகப் போட்டு அங்கேயே பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குத் தகுதியில்லை என்று காகிதம் வந்தால் ஒரு மாதத்தில் சாவியைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருந்தது. யாரும் போய்க் கேட்டுப் பார்த்ததில்லை. அதையும் தாண்டி, ஸ்டீயரிங் இல்லாமல் அத்தான் என்ன செய்வார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட சாப்பாட்டுக்குப் பிறகு வந்து வண்டியில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

வாயை மூடிக்கொண்டேன். கிளட்ச் பெடலை மேலேயே பிடிக்கிற மாதிரி மாற்றி வைத்தேன், லேசாக அழுத்தினாலே போதும் என்று. அந்த ஒட்டு வேலையிலேயே இன்னும் கொஞ்ச காலம் ஓடியது.

அக்காவுக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அத்தானுடைய இடது செருப்பைப் பார்த்தேன். பின்பக்கம் ரப்பர் நாடா ஒன்றைக் குதிகாலுக்குச் சுற்றி வருகிற மாதிரி வைத்துத் தைத்திருந்தது. பொடிப் பொடியான, நெருக்கமான தையல். யார் கை என்று தெரியாதா எனக்கு?

“யார் தைச்சுக் குடுத்தா?”

“தெரியல. காலைல பாத்தேன், இருந்துச்சு” என்றார் அத்தான். அந்த வீட்டில் அதைப் பற்றி அதற்கு மேல் ஒரு பேச்சும் நடக்கவில்லை.

அடுத்த வருஷம் பழைய வண்டியைக் கழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க உத்தரவு வந்தது. அதே டீசல், அதே நாலு சக்கர இழுவை. ஒன்றே ஒன்றைத்தான் நாங்கள் முடிவு செய்ய வேண்டும், கையால் கியர் போடுகிற வண்டியா, ஆட்டோமேட்டிக்கா. மேனேஜர் எல்லா டிரைவர்களையும் என்னையும் அடுத்த திங்கட்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னார். முடிவை ‘ரெண்டு’ சொல்லட்டும், மலையை அவரை விடத் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அத்தானுக்கு ஆட்டோமேட்டிக் என்றாலே ஆகாது. “அதுல போறதுக்கு டிரைவர் எதுக்கு, ஒரு மூட்டைய உக்கார வச்சா போதும்” என்பார். நக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான காரணம் ஒன்றும் அவரிடம் இருந்தது. கியர் வண்டியில் இரண்டாவதைப் போட்டால் அது இரண்டாவதிலேயே இருக்கும். ஆட்டோமேட்டிக் அப்படியில்லை. லீவரைச் சாதாரணமாக ஓட்டுகிற ‘டி’யில் விட்டுவிட்டால், இறக்கத்தில் வேகம் கூடக் கூட அதுவே மூன்று, நாலு என்று மேல் கியருக்குப் போய்க்கொண்டே இருக்கும். வண்டியைப் பிடிக்க ஆளில்லாமல் எல்லாப் பாரமும் பிரேக் மேல் விழும். ‘டி’க்குக் கீழே ‘2’ என்று ஒரு இடம் உண்டு. லீவரைக் கையால் அங்கே இழுத்து வைத்தால் இரண்டாவதிலேயே நிற்கும். யாராவது நினைவு வைத்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன். இதை நான் எங்கேயும் பூசி மெழுகப் போவதில்லை. யோசனை என்னுடையது.

“ஆட்டோமேட்டிக்குன்னு சொல்லிடுங்க அத்தான். கிளட்சே கிடையாது. வலது கால் ஒண்ணே போதும். ரிட்டயர் ஆகற வரைக்கும் ராஜா மாதிரி ஓட்டலாம்.”

“என் வாயால அத எப்படிச் சொல்றது?”

“இப்ப வாய் முக்கியமா, கால் முக்கியமா?”

“மத்தவங்களும் ஓட்டுவாங்களே மாப்ள.”

“நீங்கதான ஓட்டப்போறீங்க. லீவர ரெண்டுல போட உங்களுக்குத் தெரியாதா?”

அவர் தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அது நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் ஆறு நாற்காலி. மேஜை மேல் வண்டிப் படம் போட்ட இரண்டு புத்தகம். அத்தான் ஆட்டோமேட்டிக் என்று சொன்னதும் அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜரே சிரித்துவிட்டார்.

“நீங்களா? நெஜமாத்தான் சொல்றீங்களா?”

“காலம் மாறிடுச்சு சார்.”

கூலிங் கிளாஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவர் மட்டும் விடவில்லை. கீழே சமவெளியில் சாமான் லாரி ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயசு இருக்கும். கண்ணில் ஏதோ கூச்சம் என்று எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். பார்த்தால் திமிர் பிடித்தவர் போல இருக்கும், பழகினால் தங்கமான ஆள். “அண்ணே, இறக்கத்துல எப்படிண்ணே? வண்டி பிடிக்குமா?” என்று கேட்டார்.

சரியான கேள்வி அது. அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி.

அத்தான் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, “அதெல்லாம் இந்த வண்டி தானா பாத்துக்கும்பா” என்றார்.

லீவரை இழுக்க வேண்டும் என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் மேனேஜர் என்ன கேட்டிருப்பார்? அப்படியென்றால் கியர் வண்டியே வாங்கிவிடலாமே, இது எதற்கு என்று கேட்டிருப்பார். அதற்கு அத்தானிடம் பதில் இல்லை, காலைக் காட்டுவதைத் தவிர. “மெக்கானிக் என்ன சொல்றீங்க?” என்று மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நல்ல வண்டிதான் சார்” என்றேன். எனக்கென்ன, வாய் இல்லையா? இருந்தது. இருந்தும் அவ்வளவுதான் வந்தது.

வண்டி வந்தது. முதல் வாரம் ஒரே கூத்து. அத்தானுடைய இடது கால் உயிரில்லாமல் இருந்தாலும் பழக்கம் உயிரோடு இருந்தது. நிறுத்த வேண்டிய நேரத்தில் இல்லாத கிளட்சைத் தேடிப்போய்ப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் முன் சீட்டில் மூக்கை இடித்துக்கொள்வார்கள். மேலே மருந்தகத்து நர்ஸம்மா, “என் பேஷண்ட்ட நீங்களே தயார் பண்ணிக் கூட்டிட்டு வர்றீங்களே” என்று சிரித்தாராம். அதற்கப்புறம் அத்தான் இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்.

வெள்ளைக் கல் வழக்கம் மாறவில்லை. கல்லடியில் நிறுத்தி, லீவரை ‘2’க்கு இழுத்துவிட்டு “ரெண்டு” என்பார். எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். பத்து மாதம் அந்த வண்டி ஒரு கீறல் இல்லாமல் ஏறி இறங்கியது. பிரேக்கைக் கழற்றிப் பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. நான் போட்ட கணக்கு சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அத்தான் முகத்திலும் தெளிவு வந்திருந்தது.

பதினோராவது மாதம் ஒரு காலை, ஆபீஸ் வாசலில் வண்டியிலிருந்து இறங்கினார். இடது காலை முதலில் ஊன்றிவிட்டார். அது தாங்கவில்லை. மேனேஜர் கண் முன்னாலேயே மூட்டை மாதிரி விழுந்தார். எழுந்திருக்க முயன்று இரண்டாம் முறையும் விழுந்தார். அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? டாக்டர், பரிசோதனை, காகிதம். வண்டி ஓட்டத் தகுதியில்லை.

ஆனால் வீடு போகவில்லை. கீழ் கேட்டில், வந்துபோகிற வண்டிகளைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிற வேலைக்கு மாற்றினார்கள். அதே வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றார்கள். மேனேஜர் வருத்தத்தோடு சொன்னார், “முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அப்பவே இந்த வேலையக் குடுத்திருப்போமே.” அத்தான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கேட்காமலேயே இரண்டு வருஷம் பயந்தோமே என்று நான் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

சாவி கூலிங் கிளாஸ் கைக்குப் போனது. மலை வண்டியில் அவர் அதற்கு முன் டிரைவராக ஏறியதில்லை. சாவி கொடுத்த அன்று மேனேஜர் இருந்தார், மற்ற டிரைவர்கள் இருந்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அத்தான், “வெள்ளைக் கல்கிட்ட நின்னுட்டுப் போப்பா. பாத்துப் போ” என்று மட்டும் சொன்னார்.

“லீவர் விஷயம் சொல்லலையே” என்றேன் தனியாக இருக்கும்போது.

“மேனேஜர வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? அன்னைக்கு ஒண்ணு சொன்னியே, இன்னைக்கு ஒண்ணு சொல்றியேன்னு கேக்க மாட்டாரா? நாளைக்கு ஒரு ட்ரிப் கூடப் போய்க் காட்டிடறேன்.”

நாளைக்கு அவருக்குக் கேட்டில் முதல் நாள். மறுநாள் ஆஸ்பத்திரி. அதற்கு அடுத்த நாள் மழை. நான் சொல்லியிருக்கலாம். கூலிங் கிளாஸ் பட்டறைக்கு டயரில் காற்றடிக்க வந்தார், டீ குடித்தார், தன் சின்ன மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அத்தான் சொல்லிக்கொள்வார், நடுவில் நாம் ஏன் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

அன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. மேலேயிருந்து நாலு மணிக்குப் புறப்பட்ட வண்டி நாலு ஐம்பதுக்குக் கீழ் கேட்டைத் தொட வேண்டும். அத்தான் பதிவுப் புத்தகத்தில் வண்டி நம்பரை முன்கூட்டியே எழுதி, நேரம் எழுதுகிற கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தே காலுக்கு எனக்குப் போன் செய்தார்.

“மாப்ள, வண்டி வரல. வா.”

வேறொரு லாரியில் ஏறிப் போனோம். கீழேயிருந்து ஐந்தாவது வளைவிலேயே கருகிய நாற்றம் வந்துவிட்டது. அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து எண்ணி வந்தால் பதினோராவது வளைவு, அங்கே தடுப்புக் கல் இரண்டு இல்லை. வண்டி முப்பதடி கீழே, மரத்தில் சாய்ந்து கிடந்தது. ஏழு பேர் இருந்தார்கள். கூலிங் கிளாஸ், எலக்ட்ரீஷியன், மதகு பார்க்கிறவர் ஒருவர் என மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். அத்தான் அந்தக் காலோடு பள்ளத்தில் இறங்கப் பார்த்தார். நான் அவரைப் பிடித்து லாரியில் உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். அந்தக் கறுப்புக் கண்ணாடி உடையாமல் புல்லில் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்து வந்து என் பட்டறையில் போட்டார்கள். கதவு திறக்கவில்லை. மேலே மூடியிருந்த தார்ப்பாயை விலக்கி, உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். லீவர் ‘டி’யில் இருந்தது. நாலு சக்கரத்திலும் பிரேக் கட்டைகள் மூன்று வாரமாகச் சுட்டுச் சுட்டு, கருகிக் கரியாகியிருந்தன. அத்தான் எனக்குப் பின்னால் நின்று, என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“மறந்திருப்பான்” என்றார். “தெரியாம இருக்காது. மழை, அவசரம், மறந்திருப்பான் மாப்ள. இல்ல?”

“ஆமா, மறந்திருப்பார்” என்றேன். எங்கள் இருவருக்கும் அது தேவையாக இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். வண்டியில் குறை இல்லை, பராமரிப்பில் குறை இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு. அப்படி எழுதினால் கூலிங் கிளாஸ் குடும்பத்துக்குச் சேர வேண்டியது எதுவும் சேராது. வீட்டையும் அந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். நாங்கள் இரண்டு வருஷம் எதற்குப் பயந்து செத்தோமோ, அது அப்படியே எதிர் வரிசையில் நாலாவதாக இருந்த அவர் வீட்டில் நடந்தது. பொருள்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த அவர் சம்சாரத்துக்கு அக்கா போய் உதவி செய்தாள். திரும்பி வந்து அத்தானுக்குச் சோறு போட்டாள். தட்டை வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

விசாரணை முடிய ஒரு நாள் இருந்தபோது நர்ஸம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்த நாலு பேரில் பேசுகிற நிலையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கை. நலம் விசாரிக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் எதற்குப் போனோம் என்று இருவருக்கும் தெரியும். அவன் மறந்துவிட்டான் என்று யாராவது வாயால் சொல்லிக் கேட்க வேண்டும்.

நர்ஸம்மா அத்தானைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். “வாங்க ரெண்டு அண்ணே. கால் எப்படி இருக்கு?” தான் கிடக்கிற நிலையில் அத்தான் காலை விசாரிக்கிறார் அந்த அம்மா.

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். “அன்னைக்குக் கல்லுகிட்ட நிறுத்தினானா?”

“நிறுத்தினாருண்ணே. ஒரு நாளும் நிறுத்தாமப் போனதில்ல. அவரு நிறுத்துவாரு, நாங்கதான் ரெண்டுன்னு சொல்லுவோம். சொல்லிட்டுச் சிரிப்போம், உங்கள நெனச்சு.”

“அவன் லீவர இழுக்கலையா?”

“இல்லண்ணே. முதல் நாளே நான் கேட்டேன். அண்ணன் இந்த இடத்துல ஏதோ இழுப்பாரே, நீங்க இழுக்கலையான்னு.” நர்ஸம்மா மூச்சு வாங்கிக்கொண்டார். “அதுக்கு அவரு சொன்னாரு, ‘அது அண்ணனுக்குப் பழைய வண்டிப் பழக்கம்மா, கை சும்மா இருக்காது. மீட்டிங்ல நானே கேட்டேன், அண்ணனே சொன்னாரு, இந்த வண்டி தானா பாத்துக்கும்னு.’ எனக்கும் அதுக்கப்புறம் பயம் போயிடுச்சு. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்.”

குற்றம் சாட்டவில்லை அந்த அம்மா. ஆறுதலாகத்தான் சொன்னார். அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நர்ஸம்மாவின் கையைத் தொட்டுவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன்.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. மருந்துச் சீட்டு வாங்க நிற்கிறவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

“பேனா வச்சிருக்கியா மாப்ள?”

“இருக்கு.”

“அதிகாரிக்கு எழுதணும். நான் சொல்றேன், நீ எழுது.”

என் சட்டைப் பையில் பட்டறை ரசீதுப் புத்தகம் இருந்தது. அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன். எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டேன். மீட்டிங்கிலிருந்தா?

“இல்ல” என்றார். “முதல்ல காலப் பத்தி எழுது.”

எழுதினேன். கால், பிளேட், மீட்டிங், சாவி கொடுத்த நாள் எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். ஓட்டியவர் மேல் தப்பு இல்லை, அவர் கேட்டார், நான்தான் சரியாகச் சொல்லவில்லை என்று முடித்தார். கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். அதற்குக் கீழே, இது எல்லாம் மெக்கானிக்காகிய எனக்கும் அப்போதே தெரியும் என்று ஒரு வரி எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன்.